தொலைநோக்கிக் கண்ணாடிக்கு வைத்த பொட்டு

போன மாதம் சுமதி போன் செய்தாள். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த கம்பெனியில் பாலிஷ் பிரிவுக்கு இப்போது அவள்தான் பொறுப்பு. கம்ப்யூட்டர் சொல்கிறபடி கண்ணாடியைத் தானே தேய்க்கும் மெஷின் ஒன்று வரப்போகிறதாம். அதன் திறப்பு விழாவுக்குச் சின்னதாக ஒரு மலர் போடுகிறார்களாம். பழைய ஆட்கள் யாராவது எழுதினால் நன்றாயிருக்கும் என்று சொல்லிவிட்டு, உங்களுக்கு மனசுக்குக் கஷ்டமாக இருக்குமோ என்று இழுத்தாள்.

எனக்கு என்னத்துக்குக் கஷ்டம்? என் வலது தோள்பட்டையைக் கேட்டுப் பாருங்கள். நான் வேலையில் இருந்தபோதே வந்திருக்க வேண்டிய மகராசன் அந்த மெஷின். தாராளமாக வரட்டும், சந்தனம் குங்குமம் வைத்து வரவேற்றுக்கொள்ளுங்கள் என்றேன். சொன்ன அடுத்த நொடியே எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சுமதிக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் சேருவதற்கு முன்னால் நடந்த கதை அது. சரி, அதையே எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

நாங்கள் செய்தது முகம் பார்க்கிற கண்ணாடி அல்ல, தொலைநோக்கிக்குள் போகிற கண்ணாடி. நான் ஆவடிக்காரி. அப்பா அங்கே பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து க்வார்ட்டர்ஸில் குடியேறியவர். எண்பதுகளின் தொடக்கத்தில் டைப்ரைட்டிங் பாஸ் செய்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த என்னை, கை நடுங்காத பெண்கள் தேவை என்று யாரோ சொன்னதைக் கேட்டு அப்பா அழைத்துப் போனார். இன்டர்வியூவில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய டம்ளரைக் கொடுத்து அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். கொண்டுபோனேன். வேலை கிடைத்தது. முதல் இரண்டு வருஷம் என்ன கற்றுக்கொண்டேன் என்று கேட்டால், கழுவக் கற்றுக்கொண்டேன். கையை, மேஜையை, வாளியை, குழாயை, திரும்பவும் கையை.

சிரிக்காதீர்கள். அந்த வேலையில் பாதி கழுவுவதுதான். இரண்டு கண்ணாடி வட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, நடுவில் எமரித் தூளும் தண்ணீரும் விட்டு, முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி, மேஜையைச் சுற்றி நடந்துகொண்டே தேய்க்க வேண்டும். மேலே இருப்பது மெல்லக் குழியும், கீழே இருப்பது மெல்ல மேடாகும். குழிந்ததுதான் நமக்கு வேண்டிய கண்ணாடி. முதலில் ஆற்று மணல் போல இருக்கிற தூள், அப்புறம் ரவை, அப்புறம் மைதா, கடைசியில் முகப்பவுடர். ஒவ்வொன்றுக்கும் நடுவில் எல்லாவற்றையும் கழுவித் தள்ள வேண்டும். மைதாவில் தேய்க்கும்போது ஒரே ஒரு ரவை உள்ளே வந்துவிட்டால் போதும், கண்ணாடியில் கோடு விழுந்துவிடும். கோடு விழுந்தால் திரும்பவும் முதலிலிருந்து.

இதற்கெல்லாம் காவல் தெய்வம் எங்கள் சூப்பர்வைசர் தாமோதரன் சார். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை. பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. அவர் வாயைத் திறந்தால் நாங்கள் மெஷினை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுப்போம். திட்டவே மாட்டார். யாராவது கோடு போட்டுவிட்டால் அவளைக் கூப்பிட்டு, ஸ்டூலைப் போட்டு, கண்ணாடிக்குப் பக்கவாட்டில் விளக்கைப் பிடித்து, "உக்காரும்மா, பாரு" என்பார். அவ்வளவுதான். அரை மணி நேரம் தான் போட்ட கோட்டைத் தானே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நாலு அறை வாங்கியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றும்.

பாலிஷ் ரூமுக்குள் நுழைய அவர் வைத்த சட்டங்கள் இருக்கிறதே, மாமியார் வீட்டில்கூட அப்படிக் கிடையாது. வளையல் கூடாது, பவுடர் கூடாது, தலையில் பூ கூடாது. ஸ்டிக்கர் பொட்டு மட்டும்தான், தூள் குங்குமம் வாசலோடு சரி. வாசலில் ஒரு பெரிய எவர்சில்வர் குண்டான் இருக்கும். காலையில் எல்லோரும் அவரவர் பூவை அதில் போட்டுவிட்டு உள்ளே போவோம், சாயங்காலம் எடுத்துச் சூடிக்கொண்டு கிளம்புவோம். யார் மல்லிகையை யார் எடுத்தாள் என்று அங்கே நடந்த சண்டைகளை வைத்துத் தனியாக ஒரு புத்தகமே போடலாம்.

ஹாலி வால்நட்சத்திரம் வந்த வருஷம் எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. பள்ளிக்கூடங்களும் காலேஜ்களும் ஆளுக்கொரு சின்னத் தொலைநோக்கி கேட்டன. அதில் இரண்டு வகை செய்தோம். ஒன்று, முன்னால் லென்ஸ் வைத்து ஒளியை வளைத்து உள்ளே அனுப்புவது. இன்னொன்று, அடியில் குழிந்த கண்ணாடியை வைத்து ஒளியைத் திருப்பி அனுப்புவது. லென்ஸ் வைத்ததில் நிலாவைப் பார்த்தால் ஓரத்தில் லேசாக ஊதா நிறம் கசியும். கண்ணாடி வைத்ததில் அது இருக்காது. சோதித்துப் பார்க்கிறோம் என்ற பெயரில் சாயங்காலம் மொட்டை மாடியில் ஒன்றை நிறுத்தினோம். நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சனி கிரகத்தின் வளையத்தைப் பார்த்தேன். படத்தில் பார்த்ததேதான், ஆனால் உயிரோடு தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்காரர்கள் எல்லாம் மாடியேறி வரிசையில் நின்றார்கள். அதில் ஒருவர் பார்த்துவிட்டு, உள்ளே படம் ஒட்டியிருக்கிறீர்கள் என்று சொல்லிக் குழாயை முன்னாலும் பின்னாலும் தட்டிப் பார்த்தார்.

கஸ்தூரி எங்களிடம் வந்தது அதற்குக் கொஞ்சம் பிறகு. திருவேற்காட்டுக்காரி. பரம்பரையாக விவசாயம் செய்த குடும்பம். நிலமெல்லாம் பிளாட்டாகிக்கொண்டிருந்த சமயம் அது. புருஷன் ஆட்டோ ஓட்டினார், ஓடினால் உண்டு. கழுவுகிற வேலைக்கு டெம்பரவரியாகச் சேர்ந்தாள். வேலையில் சுத்தம், வாயில் அதைவிடச் சுத்தமாக நக்கல். தாமோதரன் சாரையே சிரிக்க வைத்தவள் அவள் ஒருத்திதான். வருஷங்கள் போயின, அவளோ டெம்பரவரியாகவே இருந்தாள். முதலாளியைக் கேட்கும்போதெல்லாம் அடுத்த ஆர்டர் முடியட்டும் என்பார். பர்மனென்ட் ஆனால் மாசம் தவறாமல் ஒரு சம்பளம், உடம்புக்கு வந்தால் கம்பெனிச் செலவில் வைத்தியம். அவளுக்கு வேண்டியிருந்தது அது மட்டும்தான்.

நடுவில் ஒரு வேடிக்கையான வேலை வந்தது. வானொலித் தொலைநோக்கிக்குக் கிண்ணம் மாதிரியான அமைப்பு கட்ட வேண்டும், அதற்கான கம்பிவலைச் சட்டங்களைச் செய்து தரவேண்டும். தொலைநோக்கி என்று காதில் விழுந்ததும் நாங்கள் வளையலைக் கழற்றினோம், கையுறை போட்டோம், பூவைக் குண்டானில் போட்டோம். சரக்கை வாங்க வந்த இன்ஜினீயர் செருப்புக் காலோடு அந்த வலைமேல் ஏறி நின்று குதித்துப் பார்த்துவிட்டு, போதும், லாரியில் ஏற்றுங்கள் என்றார். தாமோதரன் சார் முகத்தைப் பார்க்க வேண்டுமே. யாரோ அவர் குழந்தைமேல் ஏறி மிதித்த மாதிரி நின்றார்.

மிச்சமான ஒரு சட்டம் பின்கட்டில் கிடந்தது. கஸ்தூரி அதில் மிளகாய் வற்றல் காயப்போட்டாள். அந்த வற்றலைப் பார்த்துத்தான் ரகுராமன் எங்களுக்குச் சிநேகமானார். அவர் மலைமேல் இருக்கும் ஒரு வானாய்வுக் கூடத்து விஞ்ஞானி. தொண்ணூறுகளின் நடுவில், அங்கே ஒரு தொலைநோக்கிக்குப் பெரிய கண்ணாடி வேண்டும் என்று கேட்டு வந்தார். தோளில் துணிப்பை, காலில் ரப்பர் செருப்பு. விஞ்ஞானி என்று யாராவது சொன்னால்தான் தெரியும். பின்கட்டுக்குக் கை கழுவப் போனவர், வானத்திலிருந்து வரும் சத்தத்தைப் பிடிக்கிற வலையில் மிளகாய் காய்கிறதே என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

கஸ்தூரி விடவில்லை. "இன்னா சார் இது, இவ்ளோ பெரிய ஓட்டை கீது, இதுல எப்டி சார் நட்சத்திரம் நிக்கும்" என்று பிடித்துக்கொண்டாள்.

கொசுவலையில் காற்று நுழைகிறது, கொசு நுழைகிறதா என்று திருப்பிக் கேட்டார் அவர். வானத்திலிருந்து கண்ணுக்குத் தெரிகிற ஒளி மட்டும் வருவதில்லை, வானொலி அலையும் வருகிறது. அந்த அலை முழ நீளம்கூட இருக்கும், அதனால் விரல் நுழைகிற ஓட்டை அதற்கு ஓட்டையே இல்லை. வலையே அதற்குக் கண்ணாடி. ஒளியின் அலையோ தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது, அதனால்தான் உங்களை இந்தப் பாடு படுத்துகிறோம் என்றார். வானொலித் தொலைநோக்கிக்குப் பகலும் ஒன்றுதான், இரவும் ஒன்றுதான், மேகம் மூடினாலும் வேலை நடக்கும். ஒளியே விடாமல் இருட்டில் கிடக்கும் வாயு மேகங்களைக்கூட அது கண்டுபிடித்துவிடும். எங்கள் கண்ணாடி வகைக்கு இருட்டு வேண்டும், தெளிந்த வானம் வேண்டும், அதனால்தான் மலைமேல் கொண்டுபோய் வைக்கிறார்கள். இன்னும் சில கதிர்களைக் காற்றே கீழே விடுவதில்லை, அவற்றைப் பார்க்கத் தொலைநோக்கியையே பூமிக்கு மேலே அனுப்புகிறார்கள் என்றும் சொன்னார்.

மேலேயே போய்ப் பார்க்கிறார்கள் என்றால் நம் கண்ணாடி எதற்கு என்று கஸ்தூரி முகம் வாடிக் கேட்டாள். ஒருத்தரைப் பற்றித் தெரிந்துகொள்ள முகத்தைப் பார்த்தால் போதுமா, குரலைக் கேட்க வேண்டாமா, தொட்டுச் சுடுகிறதா என்று பார்க்க வேண்டாமா, அது மாதிரி எல்லாம் வேண்டும் என்றார் ரகுராமன். அந்த பதிலில் அவளுக்குப் பரம திருப்தி. அன்றிலிருந்து மற்றவர்களுக்கும் அவளே பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டாள்.

அந்தப் பெரிய கண்ணாடி ஒரு வருஷத்துக்கு மேல் எங்களைத் தின்றது. கல்யாண வீட்டுச் சோற்று அண்டாவின் மூடி அளவு இருக்கும். தேய்க்க மெஷின் இருந்தது, ஆனால் கடைசி வடிவம் கையால்தான். தார் போலக் கறுப்பாக இருக்கும் கீலைக் காய்ச்சி ஊற்றி ஒரு தேய்ப்புப் பலகை செய்து, அதில் பாலிஷ் தூளைக் குழைத்து, பத்து நிமிஷம் தேய்ப்போம். பிறகு கண்ணாடி ஆறுவதற்காக மணிக்கணக்கில் காத்திருப்போம். அப்புறம் இருட்டு அறையில் ஒரு சின்ன விளக்கு, ஒரு சவர பிளேடு. பிளேடை மெல்ல நகர்த்தி ஒளியை வெட்டினால் கண்ணாடியின் மேடு பள்ளம் எல்லாம் நிழலாகத் தெரியும். விரலைக் கண்ணாடியில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால், அந்தச் சூட்டில் கண்ணாடி வீங்கி ஒரு குன்று மாதிரி எழுந்து நிற்கும், பிறகு மெல்ல அடங்கும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அது அலுக்கவே இல்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் கண்ணாடி முடிந்தது. மலையிலேயே அலுமினியம் பூசிக்கொள்வார்கள், நாங்கள் பாலிஷ் செய்து கொடுத்தால் போதும். பூஜை விடுமுறை முடிந்த மறுநாள் ரகுராமன் வந்து சோதித்து எடுத்துப்போவதாக ஏற்பாடு. கண்ணாடி மலைக்குக் கிளம்பியதும் கஸ்தூரியை பர்மனென்ட் ஆக்குவதாக முதலாளி எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். திருவேற்காட்டில் அவள் தெரு முழுக்க அன்றைக்கே செய்தி போய்விட்டது.

எஸ்டேட்டில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அன்றைக்குக் கம்பெனியில் பொட்டு இல்லாத பொருள் இருக்காது. லேத், டிரில்லிங் மெஷின், எடை மெஷின், முதலாளியின் ஸ்கூட்டர், ஜெனரேட்டர், துடைப்பம் வரைக்கும் சந்தனமும் குங்குமமும்தான். வாசலில் பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை வாங்கிக்கொண்டு எல்லோரும் கிளம்பினோம். பாலிஷ் ரூம் மட்டும் சாத்தியே இருந்தது. அதன் கதவுக்கு ஒரு பொட்டு வைக்கத் தாமோதரன் சார் போனால் போகிறதென்று அனுமதி கொடுத்திருந்தார். கடைசியாகக் கூட்டிப் பெருக்கிப் பூட்டிவிட்டுப் போக வேண்டியவள் கஸ்தூரி.

விடுமுறை முடிந்து வந்த காலையில், தாமோதரன் சாரும் நானும் கண்ணாடி இருந்த பெட்டியின் மூடியைத் திறந்தோம். கண்ணாடியின் நட்டநடுவில் ஒரு சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம். இரண்டு நாளில் நன்றாகக் காய்ந்து ஓரத்தில் வெடித்திருந்தது.

இதன் விபரீதம் மற்றவர்களுக்குப் புரியாது. சந்தனக் கட்டையைக் கல்லில் இழைக்கிறோம். இழைக்கும்போது கல்லும் கொஞ்சம் கரைந்து சந்தனத்தோடு வரும். அந்தக் கல்துகள் கண்ணாடியைக் கீறுகிற அளவு கெட்டியானது. அதைத் துணியால் துடைத்தால் ஒரு வருஷ உழைப்பின்மேல் உப்புத்தாளைத் தேய்த்த மாதிரி. தாமோதரன் சார் மூடியைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார், தெரியாமல் தொட்டுவிடுவோமோ என்று தன் கையையே அவர் நம்பவில்லை.

யார் என்று விசாரிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கஸ்தூரி தானாகவே வந்து, நான்தான் வைத்தேன் என்று சிரித்த முகத்தோடு சொன்னாள். எங்கள் முகங்களைப் பார்த்த பிறகுதான் அவள் சிரிப்பு நின்றது. "தொடப்பத்துக்குக் கூட பொட்டு வெச்சோம் சார். அம்மாந்தூரம் போவுது, அத்த மட்டும் வெறும் நெத்தியோட அனுப்ப மனசு வரல" என்றாள்.

முதலாளி வந்தார், பார்த்தார், கத்தினார். நல்ல மனிதர்தான், ஆனால் கோபம் வந்தால் எண்ணெய்க் கொப்பரை. ஆர்டரில் கண்ணாடியின் எந்த இடத்திலும் கோடு இருக்கக் கூடாது என்று போட்டிருக்கிறது, இது திரும்பி வந்தால் கம்பெனியை மூட வேண்டியதுதான் என்றார். கடைசியில் கஸ்தூரியைப் பார்த்து, "நாளையிலேருந்து நீ வர வேணாம்" என்றார். அவள் வாசலுக்குப் போய் வாட்ச்மேன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு முதலாளிமேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அவர் சொன்னதிலும் தப்பில்லை.

ரகுராமன் சாயங்காலம்தான் வருவார். தாமோதரன் சார் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, முதலில் கஸ்தூரியை உள்ளே கூப்பிடச் சொன்னார். ஒரு கண்ணாடித் துண்டை அவள் முன்னால் வைத்து, அன்றைக்கு எப்படி வைத்தாயோ அப்படியே வைத்துக் காட்டு என்றார்.

"சந்தனத்தைத் தேய்ச்சியா, தொட்டு எடுத்தியா?"

"தொட்டு எடுத்தேன் சார்."

"குங்குமம்?"

அவள் மோதிர விரலைக் கண்ணாடித் துண்டில் வைத்தாள். வைத்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினாள். "லேசா திருப்புனேன் சார்" என்றாள் சின்னக் குரலில். பொட்டு வட்டமாக வரவேண்டும் என்று நாம் எல்லோருமே விரலைத் திருப்புவோம் அல்லவா, அப்படி. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். திட்டவில்லை, ஸ்டூலும் போடவில்லை.

பேட்டரிக் கடையிலிருந்து டிஸ்டில்டு வாட்டர் கேன் கேனாக வந்தது, மெடிக்கல் ஷாப்பிலிருந்து பஞ்சு ரோல்கள் வந்தன. கண்ணாடியைச் சற்றே சாய்த்து நிறுத்தினோம். மேலே ஒரு குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் பொட்டின்மேல் விழுந்தபடி இருந்தது. யாரும் தொடக் கூடாது. மதியம் வரை வெறும் சொட்டுதான். குங்குமம் முதலில் கரைந்து ஒரு சிவப்புக் கோடாக வழிந்து இறங்கியது. பிறகு சோப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சை அதன்மேல் படுக்கவைப்போம், ஊறியதும் நேராக மேலே தூக்கி எறிந்துவிடுவோம். இழுக்கக் கூடாது, அழுத்தக் கூடாது, ஒரு தடவை பட்ட பஞ்சு மறுபடி படக் கூடாது. பஞ்சு தூக்குகிற வேலை என்னுடையது. அன்றைக்கு நான் மூச்சு விட்டேனா என்றே எனக்குச் சந்தேகம். சந்தனம் ஏடு ஏடாகப் பஞ்சோடு கிளம்பி வந்தது. யாருக்கும் சாப்பாடு நினைப்பே வரவில்லை.

கடைசியில் தாமோதரன் சார் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தார். கண்ணாடி பளபளவென்று இருந்தது. நடுவில் மட்டும், பிறை மாதிரி வளைந்து, சிலந்தி நூலைவிட மெல்லிசாக ஒரு கீறல். விரல் திரும்பிய இடம்.

தாமோதரன் சார் அதை முதலாளியிடம் காட்டி, இது இருக்கிற இடத்தால் நட்சத்திரத்துக்கு ஒரு கெடுதலும் வராது என்றார். முதலாளி, அதை நீங்கள் சொன்னால் போதுமா, வாங்குகிறவர் சொல்ல வேண்டாமா, பேசாமல் விட்டுவிட்டால் அவர் கவனிக்காமலே போகலாம் என்றார். "அவரு பாக்கறதுக்கு முன்னாடி நாமளே காட்டிடணும் சார்" என்றார் தாமோதரன் சார்.

ரகுராமன் வந்தார். முதலில் பிளேடு சோதனை. அரை மணி நேரம் பார்த்துவிட்டு, வடிவம் அற்புதம் என்றார். எங்களுக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. தாமோதரன் சார் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார், கஸ்தூரி பெயரைத் தவிர. ரகுராமன் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு, பொட்டு வைத்தது யார் என்று கேட்டார்.

கதவோரம் நின்றிருந்த கஸ்தூரி முன்னால் வந்தாள். அவள் புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிச் சுருட்டி அது கயிறு மாதிரி ஆகியிருந்தது.

"நடுவுலதான் வைக்கணும்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"கோணலா பொட்டு வெச்சா பாக்க நல்லா இருக்காதே சார்."

"நடுவை எப்படிக் கண்டுபிடிச்சே?"

அவள் சொன்னாள். தையல் நூலைக் கண்ணாடி அகலத்துக்கு அளந்து, இரண்டாக மடித்து நடுவில் முடிச்சுப் போட்டாளாம். நூலின் இரண்டு முனையையும் கண்ணாடியின் பக்கவாட்டில் ஸ்டிக்கர் பொட்டால் ஒட்டினாளாம். குறுக்கே ஒரு தடவை, நெடுக்கே ஒரு தடவை. முடிச்சு இரண்டு தடவையும் ஒரே இடத்துக்கு மேல் நின்றதாம். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே வாய் பிளந்துவிட்டது. தாமோதரன் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து எட்டிப் பார்த்தேன். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

ரகுராமன் ஸ்கேலை எடுத்து விளிம்பிலிருந்து கீறல் வரை நாலு பக்கமும் அளந்தார். அளந்து முடித்து அவரும் சிரிக்க ஆரம்பித்தார். இந்தத் தொலைநோக்கியில் பெரிய கண்ணாடிக்கு எதிரே ஒரு சின்னக் கண்ணாடி தொங்கும், அதன் நிழல் சரியாக இந்த நடுவில்தான் விழும், நட்சத்திரத்தின் ஒளி இந்த இடத்தில் ஒரு சொட்டுகூடப் படாது, கீறல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எனக்கு ஒன்றுதான் என்று முதலாளியைப் பார்த்துச் சொன்னார். அத்தோடு நிறுத்தவில்லை. இரண்டு கண்ணாடிகளையும் ஒன்றுக்கொன்று நேராக நிறுத்த, பெரியதின் நடுவில் எப்படியும் ஒரு புள்ளி வைத்தாக வேண்டுமாம். மலைமேல் குளிரில் அளந்து அளந்து அவர்கள் வைப்பதுதானாம் அது. இங்கேயே வைத்துவிட்டால் அலுமினியம் பூசிய பிறகும் அதன் தடம் தெரியுமாம்.

துணிப்பையிலிருந்து ஒரு மசிப் பேனாவை எடுத்துக் கஸ்தூரியிடம் நீட்டினார். "இங்கேயே வச்சுக் குடுத்துடும்மா. எனக்கு ஒரு வேலை மிச்சம்."

அவள் பேனாவை வாங்கவில்லை. முதலாளியைப் பார்த்தாள். அவருக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. தாமோதரன் சார் கையிலிருந்த விளக்கை வாங்கித் தானே கண்ணாடிக்கு மேலே பிடித்தார். "வை" என்றார்.

கஸ்தூரி வெளியே போய்க் கையைக் கழுவினாள். முழங்கை வரை மூன்று தடவை. வளையலைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். நூல் அளந்து, முடிச்சுப் போட்டு, ஒட்டி, முன்பு செய்ததையெல்லாம் முதலிலிருந்து எங்கள் கண் முன்னால் செய்தாள். பேனா கண்ணாடியைத் தொட்டு எழுந்தது. கடுகளவு ஒரு கறுப்புப் புள்ளி. இந்தத் தடவை விரலும் திரும்பவில்லை, பேனாவும் திரும்பவில்லை. ரகுராமன் அளந்து பார்த்துவிட்டுப் பெட்டியை மூடச் சொன்னார்.

ஜீப் கிளம்பிப் போன பிறகு எல்லோரும் வாசலில் நின்றிருந்தோம். கஸ்தூரி சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கேட்டைத் தாண்டினாள். அவளுக்கு இன்னும் விளங்கவில்லை, கண்ணாடிதான் தப்பியது, தன் வேலை போனது போனதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். கூப்பிடுவதற்காக அவள் பின்னாலேயே ரோட்டுக்கு ஓடினேன்.

அதற்குள் முதலாளி ஸ்கூட்டரை நகர்த்திக்கொண்டே, அவளைப் பார்க்காமல், "கஸ்தூரி, நாளைக்கு லேட்டா வராதே. பர்மனென்ட் ஆளுங்களுக்கு எட்டு மணி" என்றார்.

அவள் கூடையைத் தரையில் வைத்துவிட்டு, நடுரோட்டில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் போனபோது வாட்ச்மேனே இன்னும் வந்திருக்கவில்லை. பூட்டிய கேட்டுக்கு முன்னால் கஸ்தூரி நின்றிருந்தாள்.